ஏடும் அட்டவணையும்

திருக்குறளைப் போல அட்டவணைக்கு இசைந்து கொடுக்கும் நூல் தமிழில் வேறொன்று காண்பது அரிது. பால் மூன்று, அதிகாரம் 133, அதிகாரத்துக்குப் பத்தாகக் குறள் 1330. ஒவ்வொரு குறளும் இரண்டே அடி. முதலடியில் நாற்சீர், ஈற்றடியில் முச்சீர். கணினியில் தமிழ்த் தரவுத்தளம் ஒன்றை முதன்முதலாக அமைத்துப் பழகும் மாணவர் பலர் குறளையே எடுத்துக்கொள்வதன் காரணம் இதுவே. எண்ணை ஒரு கட்டத்திலும், அடிகளை இரு கட்டங்களிலும், உரையை ஒரு கட்டத்திலும் நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது. எண்ணைக் கொடுத்தால் குறள் வரும். சொல்லைக் கொடுத்தால் அச்சொல் பயின்ற குறள்கள் எல்லாம் வரும்.

இந்த வெற்றியினின்று ஒரு தவறான முடிபு பிறந்து உலவுகின்றது. குறள் அடங்கிற்று, ஆகவே சங்கப் பாட்டும் தொல்காப்பிய உரையும் கல்வெட்டும் அவ்வாறே அடங்கும் என்பது அம்முடிபு. தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் முயற்சி உலகின் பல மூலைகளிலும் நடைபெறும் இக்காலத்தில், எதில் ஏற்றுவது என்பது தொழிலாளர் தீர்த்துக்கொள்ளட்டும் என்று புலவர் ஒதுங்கியிருக்கத்தக்க வினா அன்று. கொள்கலம் நூலின் வடிவத்தை மாற்றிவிடும். குறளே உண்மையில் அட்டவணையில் அடங்கவில்லை என்பதும் சற்றுப் பொறுத்துப் பார்த்தால் விளங்கும்.

அட்டவணைத் தரவுத்தளத்துக்கு இலக்கணம் வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பார். 1970 ஜூன் மாதத்தில் வெளிவந்த அவரது கட்டுரையே இத்துறைக்கு மூலநூல். குறுக்கே ஓடும் வரிசை நிரை. நெடுக இறங்கும் வரிசை நிரல். ஒரு நிரை ஒரு செய்தி. பாலிக் புலாவில் டுரியான் பருவத்தில் பழம் கொள்முதல் செய்யும் வணிகரின் கணக்கேட்டை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புலப்படும். நாள், தோட்டக்காரர் பெயர், பழத்தின் வகை, எடை, விலை என ஐந்து நிரல்கள் போதும். இவ்வாரம் 'ஆங் ஹே' வகை எத்தனை கிலோ வந்தது, எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு பாக்கி என்று எப்படிக் கேட்டாலும் விடை உண்டு. நிரைகளை மேலும் கீழுமாகக் கலைத்து எழுதினாலும் கணக்கில் ஒரு காசு பிசகாது. இந்தக் கலைப்புக்கு அஞ்சாமையே காட் வகுத்த முறையின் வலிமை. நிரைகளுக்குள் முன்பின் என்பது கிடையாது என்பது அம்முறையின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

நூலுக்கோ வரிசையே உயிர். அடியை முன்பின்னாக்கினால் பாட்டு இல்லை.

காட் எழுதிய காலத்தில் தரவுகளை மரவடிவில், கிளைக்குள் கிளையாக அடுக்கிவைக்கும் முறையே செல்வாக்குடன் இருந்தது. அந்த மரத்தில் ஏறி இறங்கும் வழி தெரிந்தவருக்கே செய்தி கிட்டும் என்பது அவர் கூறிய குறை. அக்குறை நியாயமானதே. ஆயினும் வெட்டப்பட்ட மரம் 28 ஆண்டுகளுக்குப் பின் வேறிடத்தில் துளிர்த்தது. 1998 பிப்ரவரி 10-இல் எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு முறை வையவிரி வலைக் கூட்டமைப்பின் ஒப்புதலைப் பெற்றது. அதே ஆண்டுப் பொங்கல் நாளில்தான், சுவிட்சர்லாந்தில் வாழும் கலியாணசுந்தரம் அவர்களின் முயற்சியால், தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. இரண்டும் ஒரு மாத இடைவெளியில் பிறந்தவை என்பது தற்செயலே எனினும் நினைவிற் கொள்ளத்தக்கது.

எக்ஸ்.எம்.எல். முறையில் நூலின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு தொடக்கக் குறிக்கும் ஒரு முடிவுக் குறிக்கும் இடையே அடைக்கப்படும். பாலுக்குள் அதிகாரம், அதிகாரத்துக்குள் குறள், குறளுக்குள் அடி, அடிக்குள் சீர் என்று பெட்டிக்குள் பெட்டியாக அமையும். உரைநடையின் நடுவே ஒரு சொல்லை மட்டும் எடுத்து, இது மேற்கோள், இது பாடபேதம், இது ஊர்ப்பெயர் என்று குறியிடவும் இயலும். 1987-இல் தொடங்கிய நூற்குறியீட்டு முயற்சியாகிய டி.ஈ.ஐ. இதற்கென விரிவான விதிகளை வகுத்துள்ளது. தென்னிந்தியக் கல்வெட்டுகளையும் உட்கொண்டு 2019-இல் தொடங்கிய தர்மா என்னும் ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் இவ்விதிகளின் வழியே கல்வெட்டுகளைப் பதிப்பித்துள்ளது.

மரம் வந்துவிட்டது, ஆனால் உலகத்து அலுவலகங்களில் இருப்பவையோ அட்டவணைகள். மரத்தை அட்டவணையில் வைக்கலாமா என்னும் வினா அடுத்த ஆண்டே எழுந்தது. 1999-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் கூடிய பெருந்தரவுத்தள மாநாட்டில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஜெயவேல் சண்முகசுந்தரமும் துணையாசிரியர் ஐவரும் ஒரு கட்டுரை படித்தனர். எக்ஸ்.எம்.எல். ஆவணங்களைத் தேடுவதற்கு அட்டவணைத் தரவுத்தளம் எவ்வளவு பயன்படும், எங்கே தடைப்படும் என்பதே பொருள். இத்துறையில் இன்றளவும் எடுத்துக்காட்டப்பெறும் கட்டுரை அது. அவர்கள் கண்ட முடிபு நடுநிலையானது. பெரும்பாலான வினாக்களுக்கு அட்டவணை தாங்கும். எனினும் ஒரு கட்டத்துள் பல மதிப்புகளை வைக்க இயலாமை, தன்னுள் தானே அடங்கும் அமைப்புகளைத் தொடர்வதில் இடர்ப்பாடு, முழுச் சொல் தேடலுக்கேற்ற சுட்டி இன்மை முதலிய குறைகள் உள. அவை நீங்கினால் தனியான தரவுத்தளம் வேண்டியதில்லை என்பது அவர்கள் கருத்து.

கட்டுரையின் நேர்மையில் ஐயமில்லை. ஆனால் அது எதை அளந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வினாவுக்கு எத்தனை அட்டவணைகளை இணைக்க நேரும் என்பதையே அது முதன்மையாக அளந்தது. ஏற்றிய ஆவணத்தை ஏற்றியவாறே திரும்ப எடுக்க இயலுமா என்பது அங்கே துலாக்கோலில் வைக்கப்படவில்லை. வணிகருக்கு முதல் வினா போதும். பதிப்பாசிரியருக்கு இரண்டாவதே முதல் வினா.

ஓரிடத்தை மட்டும் எடுத்துக்காட்டலாம். அமைப்பைச் சுருக்கி அட்டவணைக்கு ஏற்றதாக்க அவர்கள் சில விதிகளைக் கையாண்டனர். ஓர் ஆவணத்தில் இரண்டு உறுப்புகள் மாறி மாறிப் பலமுறை வருமாயின், அதனை முதல் உறுப்புப் பல, இரண்டாம் உறுப்புப் பல என்று பிரித்து எழுதிக்கொள்ளலாம் என்பது அவற்றுள் ஒன்று. இதனால் முன்பின் வரிசை பற்றிய செய்தி ஓரளவு இழக்கப்படும் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டு, வேண்டுமாயின் இட எண்ணைத் தனி நிரலில் குறித்துக்கொள்ளலாம் என்றும் கூறினர். தமிழ் உரைநூல் ஒன்றில் இவ்விதி செய்யும் வேலையைக் கருதுக. மூலம், உரை, மூலம், உரை என்று பின்னிச் செல்வதே உரைநூலின் வடிவம். மூலங்கள் ஒரு மூட்டை, உரைகள் ஒரு மூட்டை என்று கட்டிவிட்டு, மூட்டைகளின் மேல் எண் எழுதிவிட்டால் பின்னல் திரும்பும் என்பது எண்ணுக்கு அளவுகடந்த பொறுப்பைக் கொடுப்பதாகும்.

அந்த எண்ணை எவ்வாறு எழுதுவது என்பதே பின்னர் ஒரு தனி ஆராய்ச்சியாயிற்று. 2002-இல் வெளிவந்த மற்றொரு கட்டுரை மூன்று முறைகளை ஒப்பிட்டது. சண்முகசுந்தரம் அதிலும் பங்கு கொண்டவர். நூல் முழுவதற்கும் ஒன்று முதல் இறுதி வரை தொடரெண் இடுவது முதல் முறை. உடன்பிறந்த உறுப்புகளுக்குள் மட்டும் எண் இடுவது இரண்டாவது. நூலக அடுக்குமுறைக்குப் பெயர்போன டூயியின் பெயரால், 2.5.3 என்றாற்போல வழியையே எண்ணாக்குவது மூன்றாவது. முதல் முறையில் தேடுதல் எளிது. ஆனால் புதிய ஏட்டுச்சுவடியில் ஒரு பாடபேதம் கண்டு நடுவில் செருகினால், அதற்குப் பிற்பட்ட எண்கள் அனைத்தும் நகர வேண்டும். இடைவெளி விட்டு எண்ணிடலாம். இடைவெளியும் ஒருநாள் நிரம்பும். இரண்டாவதில் செருகுதல் எளிது. இரு சொற்களில் எது முன், எது பின் என்று அறிய வேர் வரை ஏறி இறங்க வேண்டும். மூன்றாவது இரண்டுக்கும் நடுவானது. ஏட்டிலே இயல்பாக அமைந்த ஒன்றை, எதற்கு அடுத்து எது என்பதை, இத்தனை சூழ்ச்சி செய்து திரும்பப் பெற வேண்டியிருக்கின்றது.

இனிக் குறளுக்கு வரலாம். குறள் அட்டவணையின் முதன்மைத் திறவு குறள் எண். அந்த எண் யாருடையது? இன்று வழங்கும் எண் வரிசை பரிமேலழகர் உரையை ஒட்டியது. அவருக்கு முற்பட்ட மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்கள் நிற்கும் முறை பல இடங்களில் வேறுபடும். பழைய உரையாசிரியர் பதின்மர் என்பர். அவருள் மணக்குடவர், பரிதியார், பரிப்பெருமாள், காலிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவர் உரையே இன்று கிடைப்பன. ஐவர் உரையையும் ஒருங்கே வைக்க விரும்புவோர் பரிமேலழகர் எண்ணைத் திறவாகக் கொண்டு, மற்றை நால்வரையும் அந்த நிரைகளில் அமர்த்துகின்றனர். அப்போது மணக்குடவர் எந்தக் குறளுக்கு அடுத்து எந்தக் குறளை வைத்துப் பொருள் கண்டார் என்பது மறைந்துவிடுகின்றது. வைப்பு முறையும் உரையின் ஒரு பகுதி என்பது உரைமரபை அறிந்தோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. திறவு என்று எண்ணியது ஒருவரது கருத்தை மற்ற நால்வர் மேல் பூட்டிவிட்டது.

பரிமேலழகர் உரையாவது முழுமையாக அடங்குகின்றதா என்றால், அதுவும் இல்லை. அவர் ஒவ்வோர் அதிகாரத்தின் முகப்பிலும், இவ்வதிகாரம் முந்தியதன் பின் நிற்பதற்குக் காரணம் கூறுவார். அது எந்தக் குறளுக்கும் உரிய உரை அன்று. இரண்டு அதிகாரங்களுக்கு இடைப்பட்ட பாலம். இன்னும் நுட்பமானது, அவர் குறள்களைக் குழுவாகத் தொகுக்கும் முறை. இரண்டு அல்லது மூன்று குறள்களுக்கு உரை கூறிச் சென்றபின், இத்தனை பாட்டாலும் இன்னது சொல்லப்பட்டது என்று ஒரு தொகுப்புரை தருவார். அட்டவணையில் அது எங்கே போகும்? குழுவின் கடைசிக் குறளுக்குரிய கட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு போகும். அக்கட்டத்தை மட்டும் எடுத்துப் படிப்பவர், எந்த இரண்டு பாட்டு, எந்த மூன்று பாட்டு என்று அறியாது திகைப்பர். தனி அட்டவணை அமைத்துக் குழுக்களைப் பதியலாமே எனின், அமைக்கலாம். ஆனால் மேற்கோளுக்கு ஓர் அட்டவணை, இலக்கணக் குறிப்புக்கு ஒன்று, பாடபேதத்துக்கு ஒன்று, பிறர் உரை மறுப்புக்கு ஒன்று என்று வளர்ந்து, ஒரு பக்கத்தை அச்சிற் கண்டவாறு காட்டப் பல அட்டவணைகளை ஒவ்வொரு முறையும் இணைக்க நேரும். அத்தனையும் இணைத்த பின்னும், உரைநடையின் நடுவே மேற்கோள் எந்தச் சொல்லுக்கும் எந்தச் சொல்லுக்கும் இடையில் நின்றது என்பதற்கு வேறோர் எண் வேண்டும்.

இல்லாததைக் குறிப்பதிலும் சிக்கல் உண்டு. புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. பழைய உரை முதல் 266 பாடல்களுக்கே உண்டு. கணினியிலோ சில பாடல்கள் இன்னும் தட்டச்சுச் செய்யப்படாமலும் இருக்கலாம். தொலைந்தது, சிதைந்தது, உரை காணப்படாதது, ஏற்றப்படாதது ஆகிய நான்கும் அட்டவணையில் ஒரே வெற்றுக் கட்டமாகவே நிற்கும். காட் அவர்களே இக்குறையை உணர்ந்து, தெரியாத இன்மை, பொருந்தாத இன்மை என இருவகைக் குறிகளை 1990-இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். தரவுத்தள நிறுவனங்கள் செவிசாய்க்கவில்லை. டி.ஈ.ஐ. முறையிலோ இடைவெளி தோன்றும் இடத்திலேயே, ஏடு கிழிந்ததால் இத்தனை சீர் இல்லை என்று காரணத்தையும் அளவையும் எழுதலாம். சிதைவும் பதிப்பின் செய்தியாகின்றது.

நூலைப் பிய்க்காமல், முழு ஆவணத்தையும் ஒரே கட்டத்தில் போட்டுவைப்பது எளிய மாற்றுவழி. பிய்த்தலால் வரும் கேடு ஒன்றும் இதில் இல்லை. ஆனால் கட்டத்துக்குள் இருப்பது என்ன என்று தரவுத்தளம் அறியாது. ஒரு சொல்லைத் தேட ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்க்க வேண்டும். ஓர் எழுத்துப்பிழை திருத்த மூட்டை முழுவதையும் மாற்றிக் கட்ட வேண்டும்.

இரண்டுக்கும் இடைப்பட்டதாக எக்ஸ்.எம்.எல். என்றே ஒரு தனித் தரவு வகையைத் தரவுத்தள நிறுவனங்கள் அமைத்தன. எஸ்.க்யூ.எல். தரத்திலும் 2003-இல் அதற்கு ஒரு பகுதி சேர்ந்தது. மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் 2005 பதிப்பில் இதை ஏற்றது. ஓர் ஆவணம் 2 கிகாபைட்டுக்கும், உள்ளடுக்கு 128-க்கும் மிகக்கூடாது. தமிழ் நூல் எதுவும் இவ்வெல்லையைத் தொடாது என்பது மெய்யே. கவலை வேறிடத்தில் உள்ளது. ஏற்றிய ஆவணத்தின் பொருளைத்தான் அது காக்கும். பண்புகளின் வரிசை, மேற்கோட்குறியின் வகை, முகப்பு அறிவிப்பு, சில வெற்றிடங்கள் ஆகியவற்றை உள்ளபடியே காக்காது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் 2008 முதல் இவ்வகை உண்டு. ஆயினும் இரு ஆவணங்களை ஒப்பிடும் குறி அதற்கு இன்மையால், நேரடியாகச் சுட்டி அமைக்க இயலாது. ஐ.பி.எம். மட்டும் 2006-இல் தன் டி.பி.2 தரவுத்தளத்தில் மரத்தை மரமாகவே வைக்க ஏற்பாடு செய்தது. அட்டவணை பிறந்த வீட்டிலேயே மரத்துக்குத் தனி அறை கட்டிக் கொடுத்தமை சிந்திக்கத்தக்கது.

வெற்றிடமும் மேற்கோட்குறியும் மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்போர் உளர். அவர்கள் மலேசிய வணிகர்களைக் கேட்கலாம். 2024 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மின்விலைப்பட்டியலை உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு அனுப்புதல் கட்டாயமாயிற்று. பின்னர்ச் சிறிய நிறுவனங்களுக்கும் படிப்படியாக விரிந்தது. அப்பட்டியல் எக்ஸ்.எம்.எல். அல்லது ஜேசன் வடிவில் அமைய வேண்டும். ஆவணத்தோடு, அதன் எழுத்துகளினின்று கணக்கிட்ட ஒரு சுருக்க எண்ணும் செல்கின்றது. ஆவணத்தில் ஒரு வெற்றிடம் மாறினும் அந்த எண் மாறும். அனுப்பியதைப் பிய்த்து அட்டவணையில் இட்டுவிட்டு, பின்னொருநாள் கேட்கும்போது மீண்டும் ஒட்டிக் கொடுத்தால், தொகை சரியாக இருக்கும், முத்திரை பொருந்தாது. ஆகவே கணக்கை அட்டவணையிலும் ஆவணத்தை அனுப்பியபடியேயும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. விலைப்பட்டியலுக்கு உள்ள இந்த மதிப்பேனும் புறநானூற்றுக்கு வேண்டாமோ?

எக்ஸ்.எம்.எல். குறையற்றது என்று கருதிவிடலும் பிழை. பெட்டிக்குள் பெட்டி என்னும் அதன் விதியே அதற்குத் தளை. ஒரு பெட்டியின் பாதியும் மற்றொன்றின் பாதியும் மேற்பொருந்த அது இடந்தராது. தமிழ்ச் செய்யுளில் இம்மேற்பொருத்தம் அடிக்கடி நேர்வது. சீர் ஓரிடத்தில் முடியும். சொல் வேறிடத்தில் முடியும். ஓசை நோக்கிச் சொல்லைப் பிளந்து சீராக்குவதை வகையுளி என்றே யாப்பு நூலார் பெயரிட்டனர். சீருக்குப் பெட்டி செய்தால் சொல் உடையும். சொல்லுக்குப் பெட்டி செய்தால் சீர் உடையும். இவ்விடத்தில் அட்டவணையே கைகொடுக்கும். எழுத்துகளுக்கு எண் கொடுத்து, இத்தனையாம் எழுத்து முதல் இத்தனையாம் எழுத்து வரை சீர், இன்னது முதல் இன்னது வரை சொல் என்று இரு வேறு அட்டவணைகளில் குறித்துவிடலாம். ஒன்றோடொன்று மோதாது. அட்டவணையைப் பழிப்பவர் இதனை மறைத்துப் பேசுதல் முறையாகாது.

ஆகவே வேண்டுவது அட்டவணையை ஒழிப்பதன்று. அதன் இடத்தை வரையறுப்பது. அச்சுக் காலத்துப் பதிப்பாசிரியர் இதனை அறிந்திருந்தனர். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அவர் பதிப்புகளில் நூல் ஏட்டின் முறையே நிற்கும். அரும்பத அகராதி முதலியன நூலுக்குப் புறத்தே நிற்கும். அகராதி நூலைச் சுட்டும். நூலாகத் தன்னை வேடமிட்டுக்கொள்ளாது. அகராதி பிழைபட்டால் நூலினின்று மற்றொன்று ஆக்கலாம். நூல் அழிந்தபின் அகராதியினின்று நூலை ஆக்க இயலாது. தரவுத்தளத்துக்கும் இவ்வுறவே பொருந்தும். குறியிட்ட ஆவணம் மூலமாக இருக்கட்டும். ஈக்சிஸ்ட், பேஸ்எக்ஸ் போன்ற, மரத்தை மரமாகவே வைக்கும் தரவுத்தளங்கள் விலையின்றியே கிடைக்கின்றன. அட்டவணைகள் அவ்வாவணத்தினின்று எந்திரத்தால் பிழிந்தெடுத்த சுட்டிகளாக இருக்கட்டும். திருத்தம் செய்வோர் ஆவணத்தில் செய்ய வேண்டும். அட்டவணையில் கை வைத்தல் ஆகாது. இன்று பல இடங்களில் நடப்பதோ இதன் தலைகீழ். அட்டவணையே மூலமாகிவிட்டது, அதில் ஒருவர் செய்த திருத்தம் எந்தப் பதிப்பைச் சார்ந்தது என்று கேட்டால் விடை கூறுவாரில்லை.

மதுரைத் திட்டக் கோப்பு ஒன்றைத் திறந்து பார்ப்போர் நூலுக்கு முன்னே ஒரு தலைக்குறிப்பைக் காண்பர். தட்டச்சுச் செய்தவர் பெயரும், மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் அதில் இருக்கும். பல நாடுகளில், பகல் வேலை முடித்து இரவில் அமர்ந்து அடித்தவர்களின் பெயர்கள் அவை. அக்கோப்பை எடுத்து அட்டவணையில் நிரப்புகின்றவர் முதலில் வெட்டி எறிவது அந்தத் தலைக்குறிப்பையே. ஏனெனில் அது எந்தப் பாட்டு எண்ணுக்கும் உரியதன்று.